இடைவெளிகள் உட்பட

மெரபேங்கில் இரவு எட்டே முக்கால்.
ஒன்பதரைக்கு மின்சாரம் போய்விடும், அட்டவணை அப்படி.
மேசையைத் திவேஷன் பிடித்துக்கொண்டான்,
நாளைக்குப் பள்ளிக்கு ஓர் எரிமலை வேண்டுமாம்.
பருப்புச் சட்டியை ஓரம் தள்ளி
அடுப்பு மேடையில் நின்றபடி
மேற்படிப்பு விண்ணப்பம் நிரப்புகிறேன்.

பெயர், முகவரி,
கல்யாணத்துக்கு முன் இருந்த பெயர்.
பட்டம்: வேதியியல்.
முடித்த ஆண்டைத் தட்டியதும் பக்கம் கொஞ்சம் யோசித்தது,
பிறகு புதிதாக ஒரு கட்டத்தைத் திறந்து காட்டியது:
கல்வியில் இடைவெளி இருந்தால் காரணம் எழுதவும்.
ஐந்நூறு எழுத்துக்குள்.
இடைவெளிகள் உட்பட.

நான் சிரித்த சிரிப்பில்
பையன் பசைக் கையோடு எட்டிப் பார்த்தான்.

'குடும்பச் சூழல்' என்று முதலில் எழுதினேன்.
ஒன்பது எழுத்து, நடுவில் விட்ட வெற்றிடத்தையும் சேர்த்து.
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள்போல
அதற்குள் நின்று பார்த்தேன்.
தலை இடித்தது.
அழித்தேன்.

உண்மையை எழுதலாம் என்றால்
உண்மைக்கு ஒழுங்கில்லை.
தெற்கிலிருந்து காற்று திரும்பும் ராத்திரிகள்,
ஆலை நாற்றம் நுழையும்முன்
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டு திணித்தது,
மூன்று வயதில் அவன் விலா எலும்புகள்
மூச்சுக்கு மூச்சு உள்வாங்கியதை
எண்ணிக்கொண்டே விடியவைத்தது.
நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு.
அந்த எண்ணை எந்தக் கட்டத்தில் போடுவது?
அப்புறம் ஜேக்கப்ஸில் பெயின்ட் கடை, எட்டு வருடம்.
போன கோடையில் அடித்த அதே மஞ்சள் வேண்டுமென்று
உதிர்ந்த சுவர்ப் பொருக்கோடு வருவார்கள்.
அதே மஞ்சளைக் கலந்து கொடுத்திருக்கிறேன்.
ஒரு வாளிகூடத் திரும்பி வந்ததில்லை.

பரிந்துரைக்குப் பேராசிரியர் ம்கிசேவுக்கு எழுதியிருந்தேன்.
மன்னிக்கவும், முகம் நினைவில்லை,
உங்களைப் பற்றி நீங்களே நான்கு வரி அனுப்புங்கள்,
உண்மையாக இருந்தால் கையெழுத்திடுகிறேன் என்றார்.
'கடும் உழைப்பாளின்னு போடு' என்றான் சாக்ரன்.
அதை எருமைக்கும் போடலாம்.
என்னைப் புகழ்ந்து நான்கு வரி!
குழம்பில் உப்பு சரி என்று சொல்லவே
எனக்கு இன்னொருவர் நாக்கு வேண்டும்.
கடைசியில் இதை அனுப்பினேன்:
மூன்றாம் ஆண்டில், கரும்பலகையில் நீங்கள் எழுதிய செறிவு தவறென்று
எழுந்து சொன்ன பெண் நான்.
நான் சொன்னது சரி.

பத்து நிமிடத்தில் பதில்:
ஓ, நீயா.

'அம்மா!'
எரிமலை வாயில் சோடா மாவு தயார்.
வினிகர் ஊற்றினேன்.
பொங்கி வழிந்து செய்தித்தாள் ஊறியது.
அவன் அதைத் தட்டோடு தூக்கிச் சமையல் தராசில் வைத்தான்.
'வினிகரையும் சேத்துத்தான் முன்னாடி எடை பாத்தேன்.
இப்போ குறையுது. மீதி எங்கே?'
இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.
'காத்துல இருக்கு' என்றேன்.
'எவ்வளவு?'
'கண்டுபிடிக்கலாம்.'

அதன்பின் கை நிற்கவில்லை.
எங்கள் தெருக் காற்றில் என்ன இருக்கிறது என்று
பதினான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
என்னிடம் இருந்ததெல்லாம் மூக்கும் ஒரு நோட்டும்,
நோட்டில் தேதி, திசை, எத்தனை முறை இருமினான்,
இனிக் கருவி வேண்டும்.
நிமிர்ந்தபோது மூலையில் எண் சொன்னது,
மீதம் நான்கு.
தி, வே, ஷ, ன்.
கச்சிதமாகப் பொருந்தும்.
எழுதவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
அவனை உட்காரவைக்க மனம் வரவில்லை.

ஒன்பது இருபத்தொன்பது.
'அனுப்பு' என்பதை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது.
முதலில் தெருவிளக்கு, பிறகு எதிர்வீடு,
பிறகு நாங்கள்.

'போச்சா, போகலையா?' இருட்டில் சாக்ரன் குரல்.
எங்கும் வினிகர் வாசனை.
தராசின் மேல் ஏதோ இன்னும்
மெல்ல நுரைத்துக்கொண்டிருந்தது.